ஆடு தின்ற கீரை

பொன்னுத்தங்கத்துக்குக் கீரை விதை கொடுத்ததே ஜாஸ்பின்தான். கொடுத்த அன்று அது ஒரு பெரிய காரியமாக அவளுக்குத் தோன்றவில்லை. கைப்பைக்குள் நாலு மாதமாகக் கிடந்த பொட்டலம். பையில் ஒரு சாமான் குறைந்தது, அவ்வளவுதான்.

ஜாஸ்பின் அரசு செவிலியர். திருத்தங்கல் பக்கம் துணை சுகாதார நிலையம் ஒன்றில் வேலை. இருபத்திரண்டு வருடமாக அந்தத் தெருக்களில் நடந்து நடந்து, எந்த வீட்டில் யாருக்கு எத்தனையாவது மாதம், யாருக்குச் சர்க்கரை, யார் மாத்திரையை வாங்கிக் கூரையில் சொருகி வைப்பவர் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மார்ச் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேப்பமரத்தடியில் மேசை போட்டுப் பெண்களுக்கு ரத்தச்சோகை பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்றவர்களில் பாதிக்கு மேல் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள்.

பொன்னுத்தங்கம் அவர்களில் ஒருத்தி. முப்பத்தி நாலு வயது. புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமையிலும் நகக்கண்ணில் அலுமினியப் பொடி லேசாக மின்னியது. விரலில் குத்தி எடுத்த சொட்டு ரத்தம் ஏழு புள்ளி எட்டு என்று காட்டியது.

“ஏழு எட்டுன்னா என்ன நர்ஸம்மா? பாஸா, பெயிலா?”

“பெயில். பன்னெண்டாவது இருக்கணும். போன தடவ மாத்திரை கொடுத்தேனே, சாப்பிட்டியா?”

“சாப்பிட்டா வயித்தப் பெரட்டுது. மருந்து ரூமுக்குள்ள உக்காந்திருக்கப்ப வாந்தி வந்தா எந்திரிச்சு ஓடவா முடியும்?”

“அப்பக் கீரை சாப்பிடு. தெனமும் ஒரு கைப்பிடி.”

“இந்த வெயில்ல கீரைக்கு எங்கன போக? கடைக்கு வர்றதே வதங்கித்தான் வருது. அதுவும் நான் கம்பெனி வேன்ல ஏறிப் போன பெறகுதான் கொண்டாராக. கீரை சாப்பிடுன்னு சொல்றது லேசு.”

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஜாஸ்பினுக்குச் சுருக்கென்றது. வீம்புக்காகவே பைக்குள் கைவிட்டு அந்தப் பொட்டலத்தை எடுத்தாள். நவம்பரில் விருதுநகரில் நடந்த விவசாயக் கண்காட்சியில் வாங்கியது. சிவப்புத் தண்டங்கீரை. கோடை வெயிலைத் தாங்கும் ரகம் என்று மேலே அச்சடித்திருந்தது. மொட்டை மாடியில் போடலாம் என்று வாங்கியவள் மறந்தே போயிருந்தாள்.

“இந்தா, நீயே போட்டுக்கோ. அப்ப வதங்காது.”

பொன்னுத்தங்கம் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. விதையை எறும்பு தூக்கிப் போய்விட்டதாம். ஜாஸ்பினுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. கணவரோடு சர்ச்சுக்கு வரும் விவசாய ஆபீசர் ஒருவரிடம் கேட்டுச் சொன்னாள். விதை கடுகைவிடச் சிறியது, மணலோடு கலந்து தூவ வேண்டும், சுற்றிலும் மஞ்சள் பொடி போட்டால் எறும்பு அண்டாது.

இரண்டாம் தடவை மஞ்சள் பொடி காப்பாற்றியது. ஆனால் கரிசல் மண் கெடுத்தது. வாளியில் மொண்டு ஊற்றிய தண்ணீரில் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கி, மேல்மண் காய்ந்து வறுக்கி ரொட்டி மாதிரி இறுகிவிட்டது. முளை முட்டி வெளியே வர முடியாமல் உள்ளேயே செத்துப்போனது.

“விட்ருவமா நர்ஸம்மா?” என்று கேட்டாள் போனில்.

“விதை இருக்கா?”

“ஒரு ஸ்பூன் கெடக்கு.”

“அப்ப விடாத. நாளைக்கு அந்தப் பக்கம் வாரேன்.”

மறுநாள் தெரு சுற்றி முடித்து ஜாஸ்பின் அவள் வீட்டுக்குப் போனாள். பின்னால் ஒரு பாத்ரூமும் அதற்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவர் வரை பத்தடி இடமும் இருந்தன. நிழல் என்று சொல்ல ஒரு முருங்கைக் குச்சிகூட இல்லை. இருவரும் சேர்ந்து அரிசிச் சாக்குகளைப் பாதியாக மடித்து நிறுத்தினார்கள். கண்மாய் மண், கொஞ்சம் மணல், பக்கத்து வீட்டு மாட்டின் பழைய சாணம். விதையைத் தூவி, மேலே விரலால் தடவிவிட்டு, கையில் தண்ணீர் எடுத்துத் தெளித்தார்கள். ஒரு பழைய நூல் சேலையை நாலு கம்பில் கட்டி நிழல் கொடுத்தார்கள். முடித்து எழுந்தபோது ஜாஸ்பினின் வெள்ளைச் சேலையெல்லாம் மண். பொன்னுத்தங்கம் சிரித்த சிரிப்பில் தெருவே எட்டிப் பார்த்தது.

மூன்றாம் நாள் முளைத்தது. ஒரு வாரத்தில் சேலையை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு அந்தக் கீரை சித்திரை வெயிலை நேருக்கு நேர் பார்த்து வளர்ந்தது. உச்சி வேளையில் இலையெல்லாம் தொங்கிப் போகும். ஒரு லீவு நாளில் அதை முதல் தடவை பார்த்த பொன்னுத்தங்கம் பதறிப்போய் மகள் கீர்த்திகாவைத் தண்ணீர் ஊற்றச் சொல்லப் போனாள். ஜாஸ்பின் போனில் தடுத்தாள். சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடும், மத்தியானம் ஊற்றினால் வேர் வெந்துவிடும் என்று ஆபீசர் சொல்லியிருந்தார். அப்படியே நிமிர்ந்தது.

“நூத்தியஞ்சு டிகிரிங்கான் டிவியில. ஊரே சுருண்டு கெடக்கு, இது மட்டும் எம்புட்டுத் தெளிச்சியா நிக்குது பாத்தீகளாக்கா?”

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அக்கா என்று கூப்பிட்டாள். ஜாஸ்பின் அதைக் கவனித்தாள். சந்தோஷமாகவும் இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அந்தத் தெருக்களில் அவளை நர்ஸம்மா என்று தவிர வேறு எப்படியும் யாரும் கூப்பிட்டதில்லை. அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாளாவது வேலை முடிந்து அங்கே போய்விடுவாள். பாத்ரூம் சுவரோரம் தரையில் உட்கார்ந்து பால் விடாத கட்டங்காப்பி குடிப்பார்கள். பொன்னுத்தங்கம் கம்பெனிக் கதை சொல்வாள். ஜாஸ்பின் தன் மகள் ஜெபிஷாவைப் பற்றிச் சொன்னாள். கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த ஒரே மகள். முதல் பிள்ளை மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. இது இரண்டாவது. ஏழாம் மாதம் பிரசவத்துக்காக அழைத்து வந்திருந்தாள்.

“பாப்பாவுக்குச் சோறு எறங்குதாக்கா?”

“எங்க. ரெண்டு வாய்க்கு மேல போக மாட்டேங்குது. கீரைன்னா மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடுதா.”

பொன்னுத்தங்கம் காப்பித் தம்ளரைத் தரையில் வைத்துவிட்டுச் சாக்குகளைப் பார்த்தபடி இருந்தாள்.

மே மாதம் கடைசி வாரம். கம்பெனிக்கு லீவு. காலை ஒன்பது மணிக்கெல்லாம் பொன்னுத்தங்கம் சுகாதார நிலையத்துக்கு வந்துவிட்டாள். தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, கையில் ஈரத்துணி சுற்றிய ஒரு கட்டு. துணியை விலக்கினால் உள்ளே சிவப்புத் தண்டும் ஊதா நரம்பு ஓடிய இலையுமாக, வாழை நாரில் கட்டிய கீரை. முழங்கை நீளம் இருக்கும். வேரை வெட்டிக் கழுவித் துடைத்திருந்தாள்.

“அடேயப்பா!” என்று சிரித்தாள் ஜாஸ்பின். “இது நம்ம கீரையா?”

“பாப்பாவுக்கு. பருப்புப் போட்டுக் கடைஞ்சு கொடுங்க. தண்டத் தூரப் போட்றாதீக, அது தனியாப் புளி விட்டு வச்சா நல்லாருக்கும்.”

“எல்லாத்தையும் எனக்கே கொண்டாந்துட்டியா? நீ சாப்பிடணுமேடி.”

“எனக்கு இருக்குக்கா. இது பாப்பாவுக்கு.”

அவள் போன பிறகு, கீரையைச் சுற்றிவந்து பார்த்தது லேப் டெக்னீசியன் ஸ்ரீமதி. வாரத்தில் ஒரு நாள் அங்கே வருகிற பெண். கெட்டவள் இல்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிடுவாள்.

“சிஸ்டர், இந்தக்கா பட்டாசு வேலைதான பாக்குது? அந்தக் கையால வளத்த கீரைய ஜெபிஷாவுக்கா கொடுக்கப் போறீங்க? அந்தப் பொடியெல்லாம் துணியில வரும், குளிக்கிற தண்ணியில வரும். தண்டங்கீரை மண்ணுல இருக்கறதயெல்லாம் இழுக்கும்னு படிச்சிருக்கேன். எதுக்கும் பாத்துக்கோங்க.”

சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். ஜாஸ்பினுக்கு அந்தச் சாக்குகள் பாத்ரூமுக்குப் பின்னால் இருப்பது கண்ணுக்குள் வந்தது. நகக்கண்ணில் மின்னிய பொடி வந்தது. அதோடு, போன வருடம் ஆஸ்பத்திரிப் படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்த ஜெபிஷாவின் முதுகும் வந்தது.

கட்டு இரண்டு மணி நேரம் மேசைக்கடியில் கிடந்தது. வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியவில்லை, கொண்டுபோகாமல் இருக்கவும் முடியவில்லை. மத்தியானம் சாப்பிடக் கிளம்பும்போது அதை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய், குட்டைச் சுவரின் மேல் வைத்தாள். யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அங்கே எப்போதும் ஆடு மேயும் என்பது அவளுக்குத் தெரியும். வைத்த கையை எடுப்பதற்குள் ஒரு வெள்ளாடு முன்காலைச் சுவரில் ஊன்றிக் கட்டை இழுத்துக் கீழே போட்டது. வாழை நார் அறுந்தது.

“மாத்திரைய வாங்காமப் போயிட்டேன்” என்று பின்னால் குரல் கேட்டது.

பொன்னுத்தங்கம் நின்றிருந்தாள். முன்பக்கம் ஆளில்லாததால் சுற்றிக்கொண்டு பின்னால் வந்திருக்கிறாள். ஆட்டைப் பார்த்தாள். பிறகு ஜாஸ்பினைப் பார்த்தாள்.

ஜாஸ்பின் அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பயமாக இருந்தது, புள்ளைத்தாச்சிப் பிள்ளை, அதனால்தான் என்று. அந்த நேரத்தில் வாயில் வந்தது வேறு.

“அது... வதங்கிருச்சு பொன்னு. அதான்...”

“காலையில பறிச்சது நர்ஸம்மா” என்றாள் பொன்னுத்தங்கம்.

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலைத் திருத்துவதுபோலச் சொன்னாள். மாத்திரையை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, வெயிலில் நடந்து போனாள். ஆடு தண்டைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

அன்று சாயங்காலமே போயிருந்தால் சரியாகியிருக்கும் என்று பின்னால் ஜாஸ்பின் பலமுறை நினைத்துக்கொண்டாள். போகவில்லை. மறுநாள் ரிவ்யூ மீட்டிங். அடுத்த வாரம் தடுப்பூசி. ஒரு தடவை போன் போட்டாள். முழுசாக அடித்து நின்றது. தான் செய்ததில் தப்பில்லை என்றும் ஒரு பக்கம் மனதைத் தேற்றிக்கொண்டாள். பெரிய டாக்டரிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டும் பார்த்தாள். “மண்ணு சுத்தமா இருந்து, கழுவிச் சமைச்சா என்ன பயம்? ஆனா மண்ணு எப்படின்னு பாத்தாத்தானே தெரியும்” என்றார் அவர். பயப்பட்டது சரி என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டாள். பார்த்தால்தானே தெரியும் என்ற பாதியைக் காதில் வாங்கவில்லை. சில நாள் அந்தத் தெருவுக்குப் போக வேண்டிய முறையைக்கூட இன்னொரு செவிலியரோடு மாற்றிக்கொண்டாள்.

ஜூலையில் தப்பிக்க முடியவில்லை. மறுபடி ரத்தப் பரிசோதனை, அதே தெரு. பொன்னுத்தங்கம் வரவில்லை. சிவகாசி பெரியாஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டாளாம். வந்தவர்களில் நாலைந்து பேருக்கு ரத்தம் ஏறியிருந்தது. பொன்னுத்தங்கத்தின் பக்கத்து வீட்டு வள்ளித்தாய்க்கு எட்டிலிருந்து பத்துக்கு வந்திருந்தது.

“என்ன செஞ்ச?” என்றாள் ஜாஸ்பின்.

“மாத்திரைதான். அதோட பொன்னு வீட்டுக் கீரை. பன்னெண்டு சாக்கு வச்சிருக்கா இப்ப. தெருவுல பாதிப் பேருக்கு அங்கனதான் கீரை.” வள்ளித்தாய் விரலைப் பஞ்சால் அழுத்திக்கொண்டே கேட்டாள்: “உங்க மக சாப்பிட்டுச்சா நர்ஸம்மா? அதுக்குன்னுதான ரெண்டு சாக்கு தனியாப் போட்டா.”

“தனியாவா?”

“உங்களுக்குத் தெரியாதா? அதுக்கு மண்ணே வேற. இருக்கன்குடிக் கோயிலுக்குப் போனப்ப ஆத்தங்கரையில இருந்து ரெண்டு பை மண்ணு கொண்டாந்தா, பஸ்ல மடியில வச்சு. கண்டக்டர் ஒரே சத்தம். நம்ம தெரு மண்ணுல மருந்துப் பொடி கெடக்கும், வயித்துப்புள்ளக்காரிக்கு ஆகாதுன்னு அந்த ரெண்டு சாக்கையும் தூக்கி மாடியில வச்சிட்டா. கம்பெனிக்குப் போற நாள்ல கிட்டப் போக மாட்டா. கீர்த்திகாதான் குடி தண்ணியக் கொண்டுபோய்த் தெளிக்கும். நாங்கெல்லாம் கேலி பண்ணுவோம், ஒங்கொழுந்தியாளுக்கா வளக்கன்னு.”

அடுத்த ஆளின் விரலில் குத்த வேண்டிய ஊசியை ஜாஸ்பின் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அவள் யோசித்துப் பயந்ததையெல்லாம் பொன்னுத்தங்கம் அவளுக்கு முன்னாலேயே யோசித்திருக்கிறாள். பயந்தும் இருக்கிறாள். பயந்து, மாடிப்படி ஏறியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் போனாள். கம்பெனி வேன் வந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. பொன்னுத்தங்கம் குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

“வாங்க நர்ஸம்மா. உக்காருங்க.”

பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கீர்த்திகாவைக் கூப்பிட்டுக் கடையில் கலர் சோடா வாங்கிவரச் சொன்னாள். ஜாஸ்பின் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளை ஓடிவிட்டது. கட்டங்காப்பி குடித்த இடத்தில் இப்போது நாற்காலியும் கலரும். ஜாஸ்பின் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“பொன்னு, அன்னைக்கு நான் பொய் சொன்னேன். கீரை வதங்கல. எனக்குப் பயமாப் போச்சு. ஒரு தடவ எழந்த புள்ள. யாரோ ஒண்ணு சொல்லவும் எனக்குப் புத்தி அப்படிப் போயிருச்சு. நீ தனியா மண்ணு கொண்டாந்தது எனக்குத் தெரியாது. வள்ளித்தாய் சொல்லித்தான் தெரியும்.”

பொன்னுத்தங்கம் துண்டை மடித்துக் கொடியில் போட்டாள்.

“பயந்தது தப்பில்ல. நானும் பயந்துதான் ஆத்து மண்ணுக்குப் போனேன். கம்பெனி விட்டு வந்து ரெண்டு தடவ சோப்புப் போட்டுத்தான் எம்மகளையே தொடுதேன். எனக்குத் தெரியாதா இந்தக் கையப் பத்தி?”

“மன்னிச்சுக்கோ.”

“எங்கிட்டக் கேட்ருக்கலாம்ல. எந்த மண்ணுல போட்ட, எந்தத் தண்ணி ஊத்துனன்னு ஒரு வார்த்த. கேட்ருந்தா மாடிக்குக் கூட்டிப் போய்க் காட்டிருப்பேன். அப்பயும் வேண்டாம்னு தோணுச்சுன்னா வேண்டாம்னே சொல்லிருக்கலாம். கொண்டுட்டு வந்திருப்பேன், கோவிச்சிருக்க மாட்டேன். அம்புட்டுத்தான். ஆனா வாங்கிட்டுச் சிரிச்சீக பாத்தீகளா. அதத்தான் என்னால...”

முடிக்கவில்லை. கீர்த்திகா கலர் பாட்டிலோடு வந்து நின்றாள். பொன்னுத்தங்கம் அதைத் தம்ளரில் ஊற்றி நீட்டினாள். ஜாஸ்பின் குடித்தாள்.

“அந்த ரெண்டு சாக்கு?” என்று கேட்டாள். கேட்கக் கூடாதென்று நினைத்துக்கொண்டேதான் கேட்டாள்.

“அத அன்னைக்கே பிடுங்கிட்டேன். மண்ண மத்தச் சாக்குல கலந்துட்டேன்.” பிறகு, அந்தப் பதில் ரொம்பக் கடுமையாகப் போய்விட்டதோ என்று நினைத்தவள்போல, “பாப்பா சொகமா இருக்கா? எப்ப தேதி?” என்று விசாரித்தாள்.

வாசல் வரை வந்து வழியனுப்பினாள். ஒரு குறையும் வைக்கவில்லை. தெருமுனை திரும்பும்போதுதான் ஜாஸ்பினுக்கு அழுகை வந்தது. திட்டியிருந்தால் மறுவாரம் போய் மறுபடி தரையில் உட்கார்ந்திருக்கலாம். இப்படி மரியாதையாகப் பேசியவளிடம் எதைச் சொல்லிக்கொண்டு திரும்பப் போவது?

ஆகஸ்டில் ஜெபிஷாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். அக்டோபரில் ஞானஸ்நானம். வீட்டில் சாப்பாடு. ஜாஸ்பின் நேரில் போய்ப் பொன்னுத்தங்கத்தைக் கூப்பிட்டிருந்தாள். தீபாவளி சீசன், ஓவர்டைம், வரமாட்டாள் என்றே நினைத்தாள். வந்தாள். வள்ளித்தாயோடு, பட்டுச்சேலை கட்டி, குழந்தைக்கு ஒரு மஞ்சள் கவுன் வாங்கிக்கொண்டு. குழந்தையை எல்லாரும் வாங்கி வாங்கிக் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஜெபிஷா அவளிடமும் நீட்டினாள். பொன்னுத்தங்கம் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“இருக்கட்டும் பாப்பா. நேத்துதான் வேலைக்குப் போயிட்டு வந்தேன்.”

குனிந்து, கைபடாமல், பிள்ளையின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டாள். ஜெபிஷாவோடு ரொம்ப நேரம் பேசினாள். பால் சுரக்க என்னென்ன சாப்பிட வேண்டும், வெயில் காலத்தில் கீரை எப்படிப் போடுவது என்றெல்லாம். பரிமாறிக்கொண்டிருந்த ஜாஸ்பின் தூரத்திலிருந்து அதைப் பார்த்தாள். பக்கத்தில் போகவில்லை. மூன்றரை மணி பஸ்ஸுக்கு அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

சாயங்காலம் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது ஜெபிஷா கேட்டாள்.

“யாரும்மா அந்தக்கா? எம்புட்டு நல்லாப் பேசுறாங்க. ஆனா குழந்தையக் கையில வாங்கவே மாட்டேன்னுட்டாங்க. ஏம்மா அப்படி?”

ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அதற்குமேல் ஒரு பொய்யைத் தாங்க ஜாஸ்பினுக்குத் தெம்பில்லை. விதை கொடுத்ததிலிருந்து ஆடு தின்றது வரை, ஆற்று மண்ணிலிருந்து கலர் வரை எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த தூக்குச்சட்டியின் மூடியையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஜெபிஷா தூங்கிய குழந்தையைத் தொட்டிலில் இட்டுவிட்டு வந்தாள்.

“எனக்காகத்தான் செஞ்சீங்க, தெரியுது” என்றாள். “ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. நானாவது அவங்களக் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன். எனக்காகப் பஸ்ல மண்ணு சுமந்துட்டு வந்தாங்கன்னு தெரிஞ்சிருந்தா, நான் அந்தக் கீரையச் சாப்பிட்டிருப்பேன்.”

ஜாஸ்பின் மூடியைச் சட்டியின் மேல் வைத்தாள். அது சரியாக உட்காரவில்லை. எடுத்துத் திருப்பி வைத்தாள்.